எத்தனை நாழிகை வழி?



"அந்த ஊர் எவ்வளவு தூரம்?" என்று முற்காலத்தில் நம் நாட்டுப்புறத்தார் ஒருவரை வினவினால், விடை மைல் கணக்கில் வராது. "கூப்பிடு தூரந்தான்" என்பார், "இரண்டு நாழிகை வழி" என்பார், இன்னும் தொலைவானால், "மூன்று காதம் இருக்கும், விடியற்காலையிலேயே புறப்பட வேண்டும்" என்பார். இவற்றுள் 'நாழிகை வழி' என்னும் சொல்லைச் சற்றே கூர்ந்து நோக்குங்கள். நாழிகை என்பது 24 நிமிடங்கொண்ட கால அளவு. வழி என்பதோ இடத்தைக் குறிப்பது. ஒருவன் ஒரு நாழிகைப் பொழுதில் நடந்து கடக்கும் தொலைவு, ஏறத்தாழ ஒன்றரை மைல், நாழிகை வழி எனப்பட்டது. தூரத்தை அளப்பதற்குக் காலத்தையே கோலாகக் கொண்டார்கள் நம் முன்னோர்.

இப்பழக்கம் இன்றும் நம்மைவிட்டு நீங்கவில்லை. "இலண்டன் எவ்வளவு தூரம்?" என்று கேட்டால், "பதினொரு மணி நேரம்" என்றே பலரும் விடை கூறுகிறார்கள். ஆனால் தூரமும் காலமும் ஒன்றுதானா? தூரம் இரட்டித்தால் காலமும் இரட்டிக்குமா? குறைந்த தூரமுள்ள வழியே விரைவான வழியாகுமா? இவ்வினாக்களைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில், நம் உத்திரமேரூரிலிருந்தே தொடங்குவோம். அவ்வூர்ச் சபையாரின் கல்வெட்டுகளை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும், குடவோலை முறையில் வாரியத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைச் சபையார் வகுத்தார்கள். அப்போது அரசனுடைய ஆணைப்படி அதிகாரி ஒருவர் வந்து உடனிருந்தார் என்று அக்கல்வெட்டு கூறுகிறது. சோழரின் தலைநகராகிய தஞ்சைக்கும் உத்திரமேரூருக்கும் இடையே நேர்கோட்டுத் தொலைவு ஏறக்குறைய 215 கிலோமீட்டர். நாழிகை வழியில் கணக்கிட்டால் அது சுமார் 90. நாள்தோறும் 30 கிலோமீட்டர் நடப்பவனுக்கும் அது ஒரு வாரப் பயணம். ஆனால், இடையிலே காவிரியும் கொள்ளிடமும் வெள்ளாறும் தென்பெண்ணையும் குறுக்கிடுகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் அவ்வாறுகள் பெருக்கெடுத்தால், கரையிலே காத்திருக்க வேண்டுவதுதான். ஊர்கள் இரண்டும் இடம் பெயரவில்லை. அவற்றின் இடையே உள்ள நிலமும் நீளவில்லை. எனினும் கோடையிலே எட்டு நாள் வழியாயிருந்தது, மழைக்காலத்திலே பதினைந்து நாள் வழியாகிவிடக்கூடும். இந்த 215 கிலோமீட்டரை இன்றைய பெரிய ஆகாய விமானம் கால் மணிக்குள் கடந்துவிடும். அப்படியாயின், ஆகாயத்தில் செல்பவனுக்கு ஆறும் இல்லை, வெள்ளமும் இல்லை. அவனுக்குத் தூரமும் காலமும் ஒன்றுதான் என்று கொள்ளலாமா?

ஒரு சிறு கணக்கால் இதனைச் சோதித்துப் பார்ப்போம். சென்னைக்கும் இலண்டனுக்கும் இடையே பூமியின் மேற்பரப்பில் மிகக் குறுகிய தொலைவு ஏறக்குறைய 8,230 கிலோமீட்டர். உயரத்தில் நிலைபெற்றுச் செல்லும் விமானம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் செல்கிறது. அதாவது நாழிகைக்கு 360 கிலோமீட்டர். 8,230ஐ 360ஆல் வகுத்தால் வருவது ஏறத்தாழ 23 நாழிகை. அஃதாவது ஒன்பது மணியும் சில நிமிடங்களும். ஆனால் இடையில் எங்கும் இறங்காத விமானம் உண்மையில் சென்னையிலிருந்து இலண்டன் செல்ல ஏறத்தாழப் பதினொரு மணி, அதாவது இருபத்தேழரை நாழிகை, எடுத்துக்கொள்கிறது. திரும்பி வரும்போது ஏறத்தாழப் பத்து மணி, அதாவது 25 நாழிகை போதும். கணக்குக்கு மிஞ்சிய நாழிகைகள் எங்கே போயின? போவதற்கும் வருவதற்கும் ஏன் இந்த வேற்றுமை? தரையிலிருந்து மெல்ல ஏறுவதற்கும், ஊரை அணுகியபின் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, முறை வரும்வரை காத்திருந்து இறங்குவதற்கும் சிறிது நேரம் செலவாவது உண்மையே. ஆனால் அதனால் மட்டும் இவ்வளவு வேற்றுமை நேராது.

அதற்கு விடை காணுமுன், 8,230 என்னும் எண் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்க வேண்டும். சென்னையிலிருந்து இலண்டன் வரை எவரும் சங்கிலி பிடித்து அளக்கவில்லை. பூமியின் உருவத்தையும் அளவையும் அறிந்து, இரண்டு ஊர்களும் பூமியில் எந்த இடத்தில் உள்ளன என்பதையும் அறிந்தால், எஞ்சியது கணிதம். அந்த அறிவைத் தேடிய பெருமுயற்சி ஒன்று நமக்கு மிக அருகிலேயே, பரங்கிமலையடியிலே தொடங்கியது என்பதை நம் மாணவர்கள் பெருமையுடன் நினைவில் வைத்துக்கொள்ளலாம். 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், வில்லியம் லாம்டன் என்னும் படைத்துறை அதிகாரி, பரங்கிமலைக்கும் தெற்கேயுள்ள பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். அவரிடம் இருந்தது 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. ஏழரை மைல் நீளமுள்ள அந்த அடிக்கோட்டை அளந்து முடிக்க 57 நாட்கள் ஆயின. வெயிலில் எஃகு நீளுமாதலால், வெப்பத்தையும் குறித்துக்கொண்டே அளந்தார்கள். முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் ஏனைய பக்கங்களைக் கணித்துவிடலாம் என்பது உங்கள் வகுப்புப் பாடம். அந்தப் பாடத்தையே துணையாகக் கொண்டு, முக்கோணத்தின்மேல் முக்கோணமாக அடுக்கிச் சென்றார் லாம்டன். அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் அப்பணியை இமயத்தின் அடிவாரம்வரை கொண்டு சென்றார். பூமியின் வளைவு எவ்வளவு என்பதை அறிவதும் அவ்வளவையின் நோக்கங்களுள் ஒன்று.

அதே 1802ஆம் ஆண்டில், சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் இருந்த ஜான் கோல்டிங்காம், சென்னையின் நேரம் கிரீனிச் நேரத்துக்கு ஐந்து மணி இருபத்தொரு நிமிடம் முற்பட்டது என்று வரையறுத்தார். பூமி ஒரு பாகை திரும்ப நான்கு நிமிடம் ஆகிறது. ஐந்து மணி இருபத்தொரு நிமிடம் என்பது 321 நிமிடம். அதை நான்கால் வகுத்தால் எண்பதேகால் பாகை. சென்னையின் தீர்க்கரேகை அதுவே. பாருங்கள், இங்கும் காலமே இடத்தை அளக்கும் கோலாயிற்று! நாழிகை வழி கண்ட நம் முன்னோரின் எண்ணமும், விண்மீன் பார்த்த அந்த அறிஞரின் எண்ணமும் ஒரே பாதையில் சென்றன.

இனி, வழியைப் பார்ப்போம். உங்கள் பள்ளியின் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் சென்னையையும் இலண்டனையும் ஓர் அளவுகோலால் இணைத்தால், அக்கோடு மஸ்கட், குவைத், துருக்கி ஆகியவற்றின் அருகாகச் செல்லும். அதுவே நேர்வழி என்று தோன்றும். ஆனால் உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரித்ததால் நேர்ந்த மயக்கம் அது. பூகோள உருண்டை ஒன்றை எடுத்து, இரண்டு ஊர்களிலும் விரல் வைத்து, ஒரு நூலை இறுக்கிப் பிடியுங்கள். நூல் வடக்கே வளைந்து, குஜராத், சிந்து, ஈரான், காஸ்பியன் கடல், காக்கஸஸ் மலைகள், உக்ரேன், போலந்து, ஜெர்மனி என்று செல்வதைக் காண்பீர்கள். அந்த நூலே மிகக் குறுகிய வழி. படத்தில் நேராகத் தோன்றிய கோடு இதைவிடச் சுமார் 250 கிலோமீட்டர் மிகுதி. உருண்டையின்மேல் இரு இடங்களை இணைக்கும் இக்குறுகிய வழியைப் பெருவட்டப் பாதை என்பர்.

ஆயினும், நூல் காட்டும் வழியில் விமானம் செல்ல முடிகிறதா? உத்திரமேரூரின் பழம்பெரும் ஏரியாகிய வைரமேகத் தடாகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஏரி வற்றிய கோடையில், எதிர்க்கரைக்குச் செல்பவன் குறுக்கே நடந்து போகிறான். ஏரி நிரம்பிய நாளிலோ, கரையைச் சுற்றித்தான் போக வேண்டும். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் கால் அங்கே நேராகச் செல்ல இயலாது. ஆகாயத்திலும் இத்தகைய ஏரிகள் உண்டு. அவற்றை நிரப்புவது மழையன்று, மனிதரின் பகைமை.

2019 பிப்ரவரி இறுதியில் பாகிஸ்தான் தன் வான்வழியை மூடியது. ஜூலை நடுவில்தான் மீண்டும் திறந்தது. அவ்வளவு மாதங்களும் வட இந்தியாவிலிருந்து மேற்கே சென்ற விமானங்கள் சுற்றிச் செல்ல நேர்ந்தது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு அவ்வழி மறுபடியும் அடைக்கப்பட்டது. 2022 பிப்ரவரி 24ஆம் நாள் போர் மூண்டபோது, உக்ரேன் தன் வான்வெளியைப் பயணிகள் விமானங்களுக்கு மூடியது. நம் நூல் தொட்டுச் சென்ற நாடுகளுள் இவ்விரண்டும் இருந்ததை நீங்கள் நினைவுகூர்வீர்கள். மூடாமல் விட்டால் என்ன தீங்கு நேரும் என்பதற்கும் சான்று உண்டு. 2014 ஜூலை 17ஆம் நாள், ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் சென்ற மலேசிய விமானம் ஒன்று, போர் நடந்துகொண்டிருந்த கிழக்கு உக்ரேனின்மேல் பறந்தபோது சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 298 பேரும் மாண்டனர். அவர்களுக்கும் அப்போருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அவர்கள் செய்ததெல்லாம் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் புறப்பட்டதுதான். கணக்குக்கு மிஞ்சிய நாழிகைகளில் ஒரு பகுதி எங்கே போயிற்று என்பது இப்போது விளங்குகிறதன்றோ?

மற்றொரு பகுதியைக் கொள்ளை கொள்வது காற்று. ஆடி மாதக் காற்றில் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்குச் செல்லும் மாணவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. போகும்போது காலை வலிக்கச் செய்த அதே சாலை, வரும்போது மிதிக்காமலே வீடு சேர்க்கிறது. நிலத்திலிருந்து ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஆறுபோல ஓடும் கடுங்காற்றோட்டங்கள் உள்ளன. மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகமும் அவற்றுக்கு உண்டு. ஜப்பானைச் சேர்ந்த வஸாபுரோ ஓயிஷி என்னும் வானிலை அறிஞர், 1920களில் பலூன்களை வானில் விட்டு இதனைக் கண்டறிந்தார். உலகமெல்லாம் படிக்கட்டும் என்று எண்ணித் தம் முடிவுகளை எஸ்பெராண்டோ என்னும் பொதுமொழியில் வெளியிட்டார். ஆனால் அம்மொழியைப் படிப்பார் அரியராதலால், அக்கண்டுபிடிப்பு நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானை நோக்கிப் பறந்த விமானிகள் அக்காற்றில் அகப்பட்ட பின்னரே உலகம் விழித்துக்கொண்டது.

நம் நாட்டுக்கு உரிய விந்தை ஒன்றும் இதில் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று நிலத்தின்மேல் மேற்கிலிருந்து வீசும் அதே மாதங்களில், தென்னிந்தியாவுக்கு மேலே சுமார் பதினான்கு கிலோமீட்டர் உயரத்தில் எதிர்த்திசையில், கிழக்கிலிருந்து மேற்காக, ஒரு கடுங்காற்று ஓடுகிறது. இதனை 1950களில் ஆராய்ந்து உலகுக்கு விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம் ஆவார். கீழே பனையோலை ஒரு பக்கம் சாய, மேலே காற்று மறுபக்கம் பாய்கிறது.

காற்றின் வலிமைக்கு ஒரு சான்று கூறுகிறேன். 2020 பிப்ரவரியில், சியாரா என்று பெயரிட்ட புயல் அட்லாண்டிக் கடலைக் கலக்கியபோது, பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து இலண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. ஏனைய நாட்களில் அப்பயணத்துக்கு ஆறு மணிக்கு மேலாகும். பின்னிருந்து தள்ளிய காற்றே அந்த ஒரு மணிக்கும் மேற்பட்ட நேரத்தை மிச்சப்படுத்தியது.

இதனினும் வியப்பானது நம் நாட்டு விமானம் ஒன்றின் வரலாறு. ஏர் இந்தியா நிறுவனத்தின் விமானம் டில்லியிலிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கு முதலில் ஐரோப்பாவையும் அட்லாண்டிக் கடலையும் கடந்து, மேற்கு முகமாகச் சென்றுகொண்டிருந்தது. அவ்வழி சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் அதே விமானம் திசையை மாற்றிக் கிழக்கு முகமாக, பசிபிக் கடலைக் கடந்து சென்றது. அவ்வழி சுமார் 15,300 கிலோமீட்டர். தூரம் 1,400 கிலோமீட்டர் கூடியது. காலமோ ஏறத்தாழ இரண்டு மணி குறைந்தது! பதினான்கரை மணி நேரத்தில் விமானம் போய்ச் சேர்ந்தது. குறுகிய வழியே விரைவான வழி என்னும் எண்ணத்தை இதைவிடத் தெளிவாக மறுப்பது வேறென்ன இருக்கிறது?

இங்கே ஒரு மயக்கத்தைக் களைவது இன்றியமையாதது. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், கிழக்கே செல்லும் விமானத்துக்கு அச்சுழற்சியே நேராக வேகத்தைக் கூட்டுகிறது என்று பலர் சொல்லவும் எழுதவும் காண்கிறோம். அது பிழை. உத்திரமேரூர் இருக்கும் இடத்தில் பூமியின் தரை மணிக்குச் சுமார் 1,630 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே நகர்கிறது. ஆனால் அதனோடு காற்றும் நகர்கிறது. அக்காற்றில் பறக்கும் விமானமும் நகர்கிறது. ஓடும் ரயில்வண்டியில் அமர்ந்து ஒரு பந்தை மேலே எறிந்தால், அது உங்கள் கையிலேயே வந்து விழுகிறது, பின்பெட்டிக்குப் பறந்துவிடுவதில்லை. அதுபோன்றதே இதுவும். அப்படியன்றிப் பூமி மட்டும் தனியே சுழல்வதாயின், உத்திரமேரூரில் மேலெழும்பிய பருந்து சற்று நேரத்தில் அரபிக்கடலின்மேல் இருக்க வேண்டும்! விமானத்துக்கு உதவியது பூமியின் சுழற்சியன்று, காற்றோட்டமே. அக்காற்றோட்டம் கிழக்கு நோக்கித் திரும்புவதற்குப் பூமியின் சுழற்சி ஒரு காரணம் என்பது உண்மை. ஆனால் அது வேறு, இது வேறு. காரணத்தைச் சரியாகப் பிரித்து அறிவதே விஞ்ஞானம் பயில்வதன் பயன்.

கடிகாரமும் நம்மை மயக்குவது உண்டு. சென்னையில் காலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டுப் பதினொரு மணி நேரம் பறந்தவன், இலண்டனில் இறங்கும்போது அங்கே கடிகாரம் குளிர்காலத்தில் காலை பதினொரு மணியைக் காட்டும். ஐந்தரை மணி நேரத்தில் வந்துவிட்டதாகத் தோன்றும். திரும்பும்போதோ, பத்து மணிப் பயணம் கடிகாரத்தில் பதினைந்தரை மணியாகத் தோன்றும். நம் நாட்டு நேரம் கிரீனிச் நேரத்துக்கு ஐந்தரை மணி முற்பட்டிருப்பதே இதற்குக் காரணம். புறப்பட்ட நேரத்தையும் சேர்ந்த நேரத்தையும் ஒரே ஊரின் கடிகாரத்துக்கு மாற்றிய பிறகே கழித்தல் கணக்குப் போட வேண்டும்.

இந்தப் பயணம் எவ்வாறு சுருங்கி வந்தது என்பதையும் எண்ணிப் பாருங்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்படுமுன், பாய்க்கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வந்தன; அது பல மாதப் பயணம். 1948 ஜூன் 8ஆம் நாள் ஏர் இந்தியா இண்டர்நேஷனலின் 'மலபார் பிரின்ஸஸ்' என்னும் விமானம், கெய்ரோவிலும் ஜினீவாவிலும் இறங்கிச் செல்லும் வழியாகப் பம்பாயிலிருந்து இலண்டனுக்கு முதன்முதல் புறப்பட்டது. மாதங்கள் நாட்களாயின, நாட்கள் மணிகளாயின. இவ்வளவு காலத்திலும் பம்பாயும் இலண்டனும் ஓர் அடிகூட நெருங்கி வரவில்லை. நெருங்கியது மனிதரின் அறிவும், நாடுகள் ஒன்றுக்கொன்று வழிவிட்ட நல்லிணக்கமுமே.

நம் வட்டாரத்து மாணவர்களுக்கு மற்றொன்றும் கூறுவேன். உத்திரமேரூரிலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையம் நேர்கோட்டில் 60 கிலோமீட்டருக்குச் சற்றே மேல். விமானத்துக்கு அது நான்கு நிமிட வழி. ஆனால் செங்கற்பட்டு வழியாகப் பேருந்தில் செல்பவருக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகிறது. வெளிநாட்டுப் பயணிகள் மூன்று மணி முன்னதாகவே நிலையத்தில் இருத்தல் வேண்டும். ஆகவே, அயல்நாட்டில் வேலை செய்யும் மகனோ மகளோ தாய்தந்தையர் நோயுற்றார் என்று கேட்டுப் புறப்பட்டால், விமானத்தின் பத்து மணியோடு இவையனைத்தையும் கூட்டியே வீட்டு வாசலை அடையும் நேரத்தைக் காண வேண்டும். அவசரமான வேளையில் மனிதனுக்கு வேண்டுவது இந்த மொத்தக் கணக்கே. வானத்தின் வழியைச் சுருக்குவதைப் போலவே ஊரின் சாலையைச் செப்பனிடுவதும் தூரத்தைக் குறைக்கும் பணிதான்.

இனி உங்களுக்கு ஒரு பயிற்சி. ஒரு பூகோள உருண்டை, ஒரு நூல், ஓர் அளவுகோல் மூன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். பூமியைச் சுற்றி நடுக்கோட்டின் நீளம் சுமார் 40,000 கிலோமீட்டர். உங்கள் உருண்டையின் நடுக்கோட்டை நூலால் அளந்து, ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கண்டுகொள்ளுங்கள். பிறகு சென்னையிலிருந்து உங்களுக்கு விருப்பமான நகருக்கு நூலைப் பிடித்து அளந்து, மணிக்கு 900 கிலோமீட்டர் வீதம் காலத்தைக் கணக்கிடுங்கள். அதனை விமானங்களின் கால அட்டவணையோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துவாராத இடத்தில் நின்று, "ஏன்?" என்று கேளுங்கள். அங்கே காற்று இருக்கும். அல்லது மூடிய வாயில் ஒன்று இருக்கும்.

தூரத்தை மாற்றுவது நம்மால் ஆகாது. அது பூமி விதித்தது. காற்றை நம்மால் நிறுத்தவும் இயலாது. அறிந்து அதனோடு ஒத்துச் செல்லலாம். ஆனால் மூடிய வாயில்களை மூடினவர் மனிதர். திறக்க வேண்டியவரும் மனிதரே. எத்தனை நாழிகை வழி என்னும் கேள்விக்கு, நாளைய உலகம் எத்தகைய விடை கூறும் என்பது, அவ்வுலகில் வாழப்போகும் உங்களையும் பொறுத்தது.